‘நூறு விழுக்காடு’ என்னும் அளவுகோல்: ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைத் தொழில் வட்டாரத்தை முன்வைத்து நுண்கடன் ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நுண்கடன் பற்றிய ஆய்வுகளில் திருப்பிச் செலுத்தல் வீதம் கடனின் வெற்றிக்குரிய சான்றாகப் பெரிதும் கொள்ளப்படுகிறது. தவணை செலுத்தப்பட்டதா என்பதை மட்டும் கூறும் அவ்வீதம், தவணைப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கூறுவதில்லை. தமிழகத்தில் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் தொடங்கிய நிலப்பகுதியாகவும், இன்று கர்நாடக எல்லையை ஒட்டிய தொழில் வட்டாரமாகவும் விளங்கும் ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியின் வருவாய் முறைகளோடு பொருத்தி இவ்வளவுகோலின் போதாமையை இக்கட்டுரை விவாதிக்கிறது.

திறவுச் சொற்கள்: நுண்கடன், சுயஉதவிக் குழு, கூட்டுப் பொறுப்பு, தவணை, கடன் சுழற்சி, ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார்.

முன்னுரை

பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது 2004 பிப்ரவரியில்தான். ஆகவே இன்றைய ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை ஆகிய பகுதிகள் அத்திட்டத்தின் தொடக்க நிலத்திற்குள்ளேயே அடங்கியிருந்தன. நபார்டு வங்கியின் குழு–வங்கி இணைப்புத் திட்டம் (1992) இதற்கு மூன்றாண்டுகள் பிற்பட்டது. தமிழகத்தில் நுண்கடன் குறித்து ஆராய்வோர் இப்பகுதியைத் தேடிச் செல்வதற்கு இவ்வரலாறே போதிய காரணமாகும்.

அவ்வாறு மேற்கொள்ளப்படும் ஆய்வேடுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதைக் காணலாம். மாவட்டம் ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். குழு உறுப்பினர்கள் சில நூற்றுவரிடம் வினாநிரல் வழங்கப்படும். வயது, கல்வி, சாதிப் பிரிவு, வருமானம் ஆகியவை அட்டவணைப்படுத்தப்படும். ‘கடனைத் தவறாமல் திருப்பிச் செலுத்துகிறீர்களா?’ என்னும் வினாவிற்குக் கிடைத்த உடன்பாட்டு விடைகளின் விழுக்காடு தரப்படும். அவ்விழுக்காடு உயர்ந்திருப்பின் பெண்கள் பொருளாதார வலிமை பெற்றனர் என்ற முடிவு தொடரும். வினாவிற்கும் முடிவிற்கும் இடையில் நிரப்பப்படாத ஓர் இடைவெளி இருக்கிறது. அவ்விடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு கடன்கள், ஒரே பெயர்

முதற்கண் கலைச்சொல் குறித்த ஒரு குழப்பத்தைக் களைய வேண்டியுள்ளது. ‘நுண்கடன்’ என்ற ஒரே சொல்லின்கீழ் வெவ்வேறான இரு முறைகள் வைக்கப்படுகின்றன. சுயஉதவிக் குழு முதலில் சேமிக்கிறது. சேமிப்பைத் தன் உறுப்பினர்களுக்குள் கடனாகச் சுழற்றுகிறது. பின்னரே குழுவின் பெயரில் வங்கிக் கடன் பெறுகிறது. வங்கிசாரா நுண்நிதி நிறுவனங்களின் முறையில் சேமிப்பு கட்டாயமில்லை. ஐவர் முதல் பத்துப் பேர்வரை சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க, கடன் தனித்தனிப் பெண்ணின் பெயரிலேயே எழுதப்படுகிறது. முன்னதை மக்கள் ‘மகளிர் குழு’ அல்லது ‘சங்கம்’ என்கின்றனர். பின்னதை ‘குரூப் லோன்’ என்கின்றனர். இவ்வகையில் மக்கள் வழக்கு ஆய்வேடுகளின் வழக்கைக் காட்டிலும் துல்லியமானது.

இவ்வேறுபாடு திருப்பிச் செலுத்தலைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதது. சுயஉதவிக் குழுவில் செலுத்தல் இரு படிநிலைகளில் நிகழ்கிறது. உறுப்பினர் குழுவிற்குச் செலுத்துவது ஒன்று. குழு வங்கிக்குச் செலுத்துவது மற்றொன்று. ஓர் உறுப்பினர் இரண்டு மாதம் தவறினாலும் குழு தன் பொதுநிதியிலிருந்து வங்கித் தவணையைச் செலுத்திவிட இயலும். அந்நிலையில் வங்கிப் பேரேட்டில் நிலுவை இல்லை; குழுப் பதிவேட்டில் உண்டு. வங்கியிடமிருந்து புள்ளிவிவரம் பெறும் ஆய்வாளர் காண்பது முன்னதை மட்டுமே. குழுவின் மீள்திறனாகப் பாராட்டத்தக்க இத்தாங்குதல், உறுப்பினர் ஒவ்வொருவரின் செலுத்துதிறனாகத் தவறாக வாசிக்கப்படுகிறது. இத்தாங்குதலுக்குப் பின்னே குழுத் தலைவியரின் ஊதியமற்ற உழைப்பு இருக்கிறது என்பதைத் தமிழகக் குழுக்களை ஆராய்ந்த க. கல்பனா தம் நூலில் (2017) எடுத்துக்காட்டியுள்ளார். வங்கி செய்யவேண்டிய வசூல் வேலையைப் பெண்கள் செய்கின்றனர். அதற்கான பெயரோ அவர்களுக்கு ‘தலைமைப் பண்பு’ வளர்ந்தது என்பதாக அமைகிறது.

வீதத்தின் கணக்கு

வசூல் வீதம் எண் என்ற நிலையிலும் ஏமாற்றக்கூடியது. நுண்கடன் நிலுவையை அளக்கும் முறைகள் பற்றி ரிச்சர்டு ரோசன்பெர்க் 1999இல் எழுதிய கட்டுரை இதனைத் தெளிவாக்கியது. அக்கணக்கைப் பின்வருமாறு விளக்கலாம். ஒரு நிறுவனம் ஓராண்டுத் தவணையில் ஒரு கோடி ரூபாய் வழங்குகிறது எனக் கொள்வோம். தவணைகள் திரும்பிக்கொண்டே இருப்பதால் ஆண்டில் சராசரியாக வெளியில் நிற்கும் தொகை ஏறத்தாழ 50 இலட்சம் ரூபாய். வசூல் வீதம் 95 விழுக்காடு எனில் இழப்பு 5 இலட்சம். அதாவது வெளியில் நிற்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கு. அதே 50 இலட்சம் மூன்று மாதக் கடன்களாக நான்கு முறை சுழன்றால் வழங்கப்படும் மொத்தத் தொகை 4 கோடியாகிறது; அதே 95 விழுக்காட்டில் இழப்பு 20 இலட்சம். வெளியில் நிற்கும் தொகையில் இது 40 விழுக்காடு. கடனின் கால அளவைச் சொல்லாமல் வீதத்தை மட்டும் ஒப்பிடும் அட்டவணைகள் பொருளற்றவை என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பழைய கடனின் மீதியைக் கழித்துக்கொண்டு புதிய கடன் வழங்கும் வழக்கமும் கருதத்தக்கது. ஏட்டில் பழைய கடன் முழுமையாக அடைபட்டதாகவே பதிவாகும். செலுத்தியவர் ஒரு ரூபாயும் செலுத்தியிருக்கமாட்டார்.

சம்பள நாளும் தவணை நாளும்

இவ்வட்டாரத்தின் தனித்தன்மை அதன் வருவாய்க் காலமுறையில் உள்ளது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கியது முதலாக ஓசூர் மாதச் சம்பளக்காரரின் ஊராக மாறியது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெருநிறுவனங்களைச் சுற்றி உதிரிப்பாகச் சிறுதொழிற்கூடங்களும், அவற்றைச் சுற்றி ஒப்பந்தத் தொழிலாளரும் பெருகினர். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி ஆகிய இடங்களுக்கு நாள்தோறும் சென்று வருவோரும் உளர். கட்டட வேலைக்குச் செல்வோருக்கு வாரக்கூலி. ரோசாத் தோட்டத்தில் பூப்பறிப்போருக்கு நாட்கூலி. பால் ஊற்றுவோருக்குப் பட்டுவாடா நாள். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பகுதிகளின் மாம்பழச் சாகுபடியும் மாங்கூழ் ஆலை வேலையும் கோடைப் பருவத்தோடு முடிந்துவிடுகின்றன. இராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் குடும்பத்திற்கு வருவாயின் நாள் தெரிந்தாலும் அளவு தெரியாது. ஒரே வீட்டில் இவற்றுள் மூன்று வகை வருவாய்கள் கலந்திருத்தல் இயல்பு.

நுண்நிதி நிறுவனங்களின் தவணையோ பெரும்பாலும் கிழமையைப் பின்பற்றுவது. வாரத் தவணை, இருவாரத் தவணை என்பவற்றோடு, ‘மாதத் தவணை’ எனப்படுவதும் பல இடங்களில் நான்கு வாரத்திற்கு ஒரு முறை, அதாவது 28 நாளுக்கு ஒரு முறை வருவதாகும். சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டின் விளைவைக் காண 2023ஆம் ஆண்டு நாள்காட்டியை எடுத்துக்கொள்ளலாம். முதல் தவணை சனவரி 10, செவ்வாய்க்கிழமை. சம்பள நாள் ஒவ்வொரு மாதமும் 7 என்று கொள்வோம். அடுத்த தவணைகள் பிப்ரவரி 7, மார்ச் 7, ஏப்ரல் 4, மே 2, மே 30 எனச் செல்லும். மார்ச் 7இல் கைக்கு வந்த சம்பளம் அன்றைய தவணையையும் ஏப்ரல் 4இன் தவணையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். மே மாதத்தில் இரண்டு தவணைகள். பள்ளி திறப்பதற்குச் சற்று முன்னர். சூன் 27இன் தவணைப் பணம் சம்பளம் வந்த பின் இருபது நாள் செலவாகாமல் வீட்டில் இருந்தாக வேண்டும். ஆண்டிற்குப் பன்னிரண்டு சம்பளம், பதின்மூன்று தவணை.

இப்பொருத்தமின்மையில் தவணை தவறாமல் செல்கிறது என்றால், இடைவெளியை நிரப்பிய வேறொரு பணம் இருக்க வேண்டும். நகை அடகு, கைமாற்று, மேற்பார்வையாளரிடம் பெறும் முன்பணம், வட்டிக்காரர், சீட்டு, மற்றொரு நிறுவனத்தின் கடன் என அதன் வழிகள் பல. இவற்றுள் பெரும்பாலானவை கடன் தகவல் நிறுவனங்களின் பதிவுகளுக்குள் வருவதில்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள், ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தின் மாதக் கடன் செலுத்தல்கள் அனைத்தும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது என வரம்பு விதித்தன. மாதம் 20,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பத்திற்கு வரம்பு 10,000 ரூபாய். ஆயின் கைமாற்றையும் தெரு முனை அடகுக்கடையையும் அந்த 10,000 அறியாது. அவ்விதிகளே கடன் பெறுவோரின் தேவைக்கேற்பத் தவணைக் கால இடைவெளியை நெகிழ்த்தும் கொள்கை ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் வகுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறின. ‘தவணை நாளைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு உங்களுக்குத் தரப்பட்டதா?’ என்ற எளிய வினாவை வினாநிரல்களில் காண்பது அரிது.

அடிக்கடி வசூலித்தலே ஒழுங்கைக் காக்கும் என்ற கருத்து நிறுவனங்களிடையே வலுவாக உள்ளது. எரிக்கா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் கொல்கத்தாவில் நடத்திய கள ஆய்வு (2008) வாரத் தவணைக்கும் மாதத் தவணைக்கும் இடையே தவறுதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. அவர்கள் மேலும் இருவரோடு சேர்ந்து வெளியிட்ட பிந்தைய ஆய்வு (2013) இன்னும் நுட்பமானது. முதல் தவணைக்கு முன் இரண்டு மாத இடைவெளி பெற்ற பெண்கள் தொழிலில் மிகுதியாக முதலிட்டனர். நெடுநோக்கில் அவர்களது இலாபம் உயர்ந்தது. தவறியோர் எண்ணிக்கையும் உயர்ந்தது. கடன் கொடுத்தவருக்கு மிகவும் பாதுகாப்பான கால அட்டவணை கடன் பெற்றவருக்கு மிகவும் பயனுள்ளதாக இருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். நூறு விழுக்காட்டு வசூலைக் கொண்டு பெண்ணின் முன்னேற்றத்தை நிறுவ முயலும் ஆய்வேடு, இம்முடிவை எதிர்கொள்ளாமல் கடந்துசெல்ல இயலாது.

கூட்டுப் பொறுப்பும் மானமும்

செலுத்தல் ஏன் உயர்ந்திருக்கிறது என்ற வினாவிற்குக் கோட்பாட்டாளர் தந்த விடை கூட்டுப் பொறுப்பு என்பதாகும். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கண்காணிப்பர் என்றார் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் (1990). பெஸ்லி, கோட் ஆகியோர் (1995) அதன் மறுபக்கத்தையும் காட்டினர்: தனியாக இருந்தால் செலுத்தக்கூடியவர்கூட, குழு முழுதும் தவறும் என்று கருதினால் தாமும் நிறுத்திவிடக்கூடும். ஜினே, கார்லன் இருவரும் பிலிப்பைன்சில் குழுப் பொறுப்பை நீக்கிப் பார்த்தபோது செலுத்தல் குறையவில்லை. கிராமீன் வங்கியே 1998ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் தன் முறையை மாற்றி நெகிழ்வான தவணைகளுக்கு வந்தது. ஆயினும் தமிழ் ஆய்வேடுகளின் இலக்கிய மீளாய்வுப் பகுதிகளில் கிராமீன் வங்கி பெரும்பாலும் அதன் தொடக்ககால வடிவிலேயே உறைந்து நிற்கிறது.

எதிர்நிலைத் திறனாய்வுகளையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வங்கதேசக் கிராமங்களை ஆராய்ந்த அமினுர் ரகுமான் (1999), லாமியா கரீம் (2011) ஆகியோர் பெண்ணின் மானமே அங்கு ஈடாக வைக்கப்படுகிறது என்று காட்டினர். வலுவான இக்கருத்தை ஓசூரின் வரிசை வீடுகளுக்கு நேரடியாகப் பெயர்த்துவிட முடியாது. அங்கே அடுத்த வீட்டார் உறவினர் அல்லர். வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்த வாடகைதாரர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எனப் பல மொழி பேசுவோர் ஒரே குழுவில் கையெழுத்திடும் வட்டாரம் இது. கிராமத்தில் தவணை தவறினால் தெரியவருவது பங்காளிகளுக்கு; வாடகை வீட்டு வரிசையில் தெரியவருவது வீட்டு உரிமையாளருக்கும், குழுவில் தன்னைச் சேர்த்துவிட்ட உடன் வேலை செய்பவருக்கும். இழப்பது மானமா, வீடா, வேலைக்கான பரிந்துரையா என்பது களத்தில் கேட்டறிய வேண்டிய ஒன்று. இரண்டு முறை தொடர்ந்து குறித்த இடத்திற்கு வராத கடனாளியின் வீட்டிற்கோ வேலையிடத்திற்கோ களப்பணியாளர் செல்லலாம் என 2022 விதிகள் இடமளிக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளியாகிய பெண்ணுக்கு ‘வேலையிடம்’ என்ற அச்சொல் கிராமத்துப் பெண்ணுக்கு இல்லாத ஓர் அச்சத்தைத் தரக்கூடியது.

இவ்வகையில் இசபெல் கெரேன், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்பிரமணியன் ஆகியோரின் ஆய்வு (2023) பின்பற்றத்தக்க முன்மாதிரியாகும். தமிழகத்தின் கிழக்குப் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றிய அவர்கள், கடனைச் சுழற்றி அடைக்கும் செயலைப் பெண்களின் ஓர் உழைப்பாகவே கணக்கிட்டனர். யாரிடம் எப்போது கேட்பது, எதை முதலில் மீட்பது, யாரைச் சற்றுக் காத்திருக்கச் சொல்வது என்பன அவ்வுழைப்பின் கூறுகள். ஆயினும் அவர்கள் கண்ட களம் பெரிதும் வேளாண் கூலியையும் புலம்பெயர் செங்கல் சூளை வேலை போன்றவற்றையும் சார்ந்தது. மாதச் சம்பளம் மேலோங்கிய எல்லைத் தொழில் வட்டாரத்தில் அவ்வுழைப்பு என்ன வடிவம் கொள்கிறது என்பதற்கு அவர்களின் நூல் விடையாகாது, வினாவைக் கற்றுத்தருகிறது.

கோலார் தரும் சான்று

உயர்ந்த வீதம் எவ்வளவு விரைவில் சரியக்கூடும் என்பதற்கான சான்று தொலைவில் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டிய கோலாரிலும், இராமநகரம் முதலிய கர்நாடகப் பட்டுத்தொழில் நகரங்களிலும் 2009ஆம் ஆண்டு இசுலாமிய சமுதாய அமைப்புகள் நுண்நிதி நிறுவனங்களுக்குத் தவணை செலுத்த வேண்டாம் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டன. அதுவரை ஏறத்தாழ முழுமையாக இருந்த வசூல் அப்பகுதிகளில் நின்றது. மறு ஆண்டு அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தபின் அம்மாநிலம் முழுவதும் அதுவே நிகழ்ந்தது. அதன் தொடர்ச்சியாக மாலேகாம் குழு அறிக்கையும் (2011) நுண்நிதி நிறுவனங்களுக்கெனத் தனி ஒழுங்குமுறையும் வந்தன.

இந்நிகழ்வுகளைச் சமய அமைப்பின் தலையீடு என்றோ அரசியல் என்றோ மட்டும் விளக்குவோர் உளர். அவ்விளக்கம் பாதியே சரியானது. ஓர் அறிவிப்பு சில வாரங்களில் வசூலை நிறுத்த முடிந்ததென்றால், அதற்கு முந்தைய வசூல் எதன்மேல் நின்றது என்று கேட்க வேண்டும். பிறரும் செலுத்துவர் என்ற எதிர்பார்ப்பு, அடுத்த கடன் கிடைக்கும் என்ற உறுதி ஆகியவற்றின்மேல் நின்றது எனில், அவ்வீதம் கடனாளியின் வருவாயைக் குறித்து எதையும் தெரிவித்திருக்கவில்லை. 2008ஆம் ஆண்டு கோலாரில் வினாநிரல் கொண்டு சென்ற ஒருவர் மிகச் சிறந்த விழுக்காட்டைப் பெற்றிருப்பார்.

2025இல் வசூல் வன்முறைக்கு எதிராகக் கர்நாடகம் பிப்ரவரியில் அவசரச் சட்டம் இயற்றியது. தமிழகச் சட்டமன்றம் ஏப்ரலில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. எல்லையின் இருபுறமும் மூன்று மாதத்திற்குள் சட்டம் தேவைப்பட்ட நிலையை, ‘தவறாமல் செலுத்துகின்றனர்’ என்னும் அட்டவணைகளைக் கொண்டு எவரும் முன்னுணர்ந்திருக்க முடியாது.

வினாநிரலின் மொழி

‘கடன் ஒழுக்கம்’, ‘நேர்மையான கடனாளி’, ‘வேண்டுமென்றே தவறுபவர்’ ஆகிய தொடர்கள் நிதி நிறுவனங்களின் வழக்கிலிருந்து ஆய்வு மொழிக்குள் வந்தவை. தமிழில் ‘கடன்’ என்ற சொல்லே கடமையையும் குறிப்பதால் இத்தொடர்கள் இயல்பானவைபோல் ஒலிக்கின்றன. அதனாலேயே இவற்றைக் கையாள்வதில் கூடுதல் கவனம் வேண்டும். ‘தவறாமல் செலுத்துகிறீர்களா?’ என்று கேட்கும்போது ஆய்வாளர் ஒரு நிகழ்வைக் கேட்பதாக எண்ணுகிறார். கேட்கப்படுபவர் தம் நன்னடத்தை வினவப்படுவதாக உணர்கிறார். குழுத் தலைவி உடனிருக்கும் கூட்டத்தில் அவ்வினாவிற்கு எதிர்மறை விடை கிடைப்பது அரிது.

இதற்கு மாற்றாகக் கடைசி மூன்று தவணைகளை மட்டும் தனித்தனியே கேட்கலாம். எந்த நாள், எவ்வளவு, அப்பணம் எங்கிருந்து வந்தது, அதற்காக எந்தச் செலவு தள்ளிவைக்கப்பட்டது என்பவை நினைவில் நிற்கக்கூடியவை. நன்னடத்தையைச் சோதிப்பவை அல்ல. தவணை அட்டையையும் அடகுச் சீட்டையும் அருகருகே வைத்துத் தேதிகளை ஒப்பிடுதல் இன்னும் பயன்தரும். தவணைக்கு முந்தைய நாளில் நகை அடகுக்குச் சென்றிருந்தால் அது தற்செயலா, வழக்கமா என்பது ஓராண்டுச் சீட்டுகளில் தெரிந்துவிடும். முந்நூறு பேரிடம் ஒருமுறை கேட்பதைவிட முப்பது வீடுகளை ஓராண்டு தொடர்வது முனைவர் பட்டக் காலத்திற்குள் அடங்கக்கூடிய பணியே.

தவணை முறையைப் பெண்கள் விரும்பி ஏற்கும் சூழல்களும் அவ்வாறு தொடரும்போதுதான் தெரியவரும். வட்டிக்காரரைவிடக் குறைந்த வட்டி, முன்கூட்டியே தெரிந்த தொகை, கணவரின் கையெழுத்திற்காகக் காத்திராமல் தன் பெயரில் எழும் கடன் வரலாறு என்பன சிறியவை அல்ல. அடகில் இருந்த நகையை மீட்பதற்கே குழுக்கடன் வாங்கப்படுவதும் உண்டு. அப்போது வட்டியின் சுமை குறைந்திருக்கவும் கூடும். மூலம் தெரியாதவரை இவ்விரு திசைகளையும் வீதம் ஒன்றாகவே காட்டும்.

மாதிரித் தேர்விலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. பெரும்பாலான ஆய்வுகள் மையக் கூட்டத்திற்கு வந்திருப்போரிடமோ நிறுவனம் தரும் பட்டியலில் உள்ளோரிடமோ தகவல் திரட்டுகின்றன. ஓசூரில் ஒப்பந்தம் முடிந்தவர் வாடகை வீட்டைக் காலி செய்து எல்லைக்கு அப்பால் வேறு வேலை தேடிச் செல்வது அன்றாட நிகழ்வு. பட்டியலில் அவர் ‘தலைமறைவு’ எனக் குறிக்கப்படுகிறார். அவரது தவணையை எஞ்சிய நால்வர் சிறிது காலம் பங்கிட்டுச் செலுத்தக்கூடும். அவர் அத்திப்பள்ளியில் மற்றொரு குழுவில் சேர்ந்தாரா, பணத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறாரா, சொந்த ஊருக்கே திரும்பினாரா என்பதை அறிய, ஆய்வாளர் சூசூவாடி சோதனைச் சாவடியைக் கடந்து அவரைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கும். மாவட்ட எல்லையைத் தலைப்பிலேயே வரையறுத்துக்கொள்ளும் ஆய்வேடுகளில் அதற்கு இடம் வைக்கப்படுவதில்லை.